கோத்தகிரி ரோட்டில் மூன்று சைக்கிள்கள்

மலையில் வளர்ந்தவர்களில் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் குறைவு. வீட்டு வாசலிலிருந்து ரோட்டுக்குப் போகவே படி ஏற வேண்டிய ஊரில் சைக்கிளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என் அப்பா ஈரோட்டுப் பக்கத்திலிருந்து குன்னூர்ப் பக்கம் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். கீழே இருந்தவரை சைக்கிளை விட்டு இறங்காத மனிதர், மலையேறும்போது அதை மாமாவிடம் கொடுத்துவிட்டு வந்தார். நான் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்து, அதே தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, பிள்ளைகள் காலேஜுக்குப் போகும்வரை சைக்கிள் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை.

என்னை உட்கார வைத்தவள் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு டீச்சர். முப்பது வயது. ஒரு கோடை விடுமுறையில் சென்னை சிநேகிதிகளோடு மகாபலிபுரத்திலிருந்து பாண்டிச்சேரிவரை சைக்கிளில் போய்விட்டு வந்திருந்தாள். வந்ததிலிருந்து அதே பேச்சு.

"மேடே இல்லீங்க்கா. எடது பக்கம் பூரா கடல். காத்து பின்னாடியிருந்து அடிச்சா மிதிக்கவே வேண்டாம், வண்டி தானாப் போவுது."

மேடே இல்லாத ரோடு என்பதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. அதற்காகவே ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பிறகு அந்தக் கடற்கரைச் சாலைக்கும் போனோம். வெயிலும் எதிர்க்காற்றும் எங்களைப் பாடாய்ப் படுத்தின. ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது. நான் இங்கே எழுத நினைப்பது, அதற்குக் கால்களைப் பழக்குவதற்காகக் கோத்தகிரிக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

எங்களோடு வந்த மூன்றாவது ஆள் சிஸ்டர். குன்னூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்ததால் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான். அவள் கணவர் தொழிற்சாலையில் என் பிரிவில் வேலை பார்த்தார். இரண்டு பேரும் வேறு வேறு ஜாதி. அவள் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேலாகப் பிறந்த வீட்டோடு பேச்சில்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சொந்த ஊர் கோத்தகிரிப் பக்கம் என்பதும் தெரியும். எந்த ஊர் என்று நாங்கள் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. குடியிருப்பில் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்றுகூடத் தெரியும். அதனாலேயோ என்னவோ, சில விஷயங்களைக் கேட்காமல் விடுவது எங்களுக்கு ஒரு மரியாதையாகப் பழகியிருந்தது.

டீச்சர் கோயம்புத்தூரிலிருந்து மூன்று பழைய கியர் சைக்கிள்களை வாங்கி வந்தாள். பள்ளிக்கூட மைதானத்தில் மாலை நேரங்களில் பழகினோம். நான் விழுந்தேன், எழுந்தேன், மறுபடியும் விழுந்தேன். சிஸ்டர் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச மாதங்களில் வெலிங்டன் வரை, பிறகு குன்னூர் வரை போய் வந்தோம். அப்போதுதான் டீச்சர் சொன்னாள், "அடுத்தது கோத்தகிரி."

"அவ்வளவு தூரமா?" என்று மட்டும் கேட்டாள் சிஸ்டர். தூரத்தைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தோம்.

மாசி மாதம். விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. கையுறைக்குள் விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. நான் மப்ளரைத் தலையில் சுற்றியிருந்ததால் ஹெல்மெட் உள்ளே போகவில்லை. டீச்சர் மப்ளரைப் பிடுங்கி என் இடுப்பில் கட்டிவிட்டாள்.

குன்னூரைத் தாண்டி எஸ்டேட்டுகளுக்கு நடுவே ரோடு வளைந்து வளைந்து போயிற்று. ஒரு தேயிலைச் சரிவில் ஞாயிற்றுக்கிழமையும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒரு பெண் கூடையோடு நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, பஸ்சு ஓடலீங்களா இன்னிக்கு?"

"ஓடுதுங்க. ஒடம்பு எளைக்கணும்னு நாங்கதான் இதுல போறோம்," என்றாள் டீச்சர்.

"எளைக்கறதுக்கா? கூடையை மாட்டிட்டு இங்க வாங்க. தானா எளைக்கும்!"

சரிவு முழுக்கச் சிரித்தது. நாங்களும் சிரித்தோம். ஆனால் சிரித்துக்கொண்டே ஏற்றம் மிதிக்க முடியாது. நான் இறங்கித் தள்ள ஆரம்பித்தேன்.

ஏற்றத்தில் மூன்று பேரும் சேர்ந்து போக முடியாது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியபடி போகிறவர்கள், சைக்கிள் ஏறிவிட்டால் தனித்தனி ஆட்கள். டீச்சர் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய்விடுவாள். சிஸ்டர் நடுவில். கடைசியில் நான், என் மூச்சுச் சத்தத்தை நானே கேட்டுக்கொண்டு. ஆரம்பத்தில் அது எனக்கு வருத்தமாக இருந்தது. கொஞ்ச தூரத்தில் பிடித்துப்போயிற்று. எத்தனையோ வருடமாக யாரோடும் பேசாமல், யாருக்கும் எதையும் எடுத்து வைக்காமல் இப்படி அரை மணி நேரம் இருந்ததில்லை. ரோட்டோரத்தில் நீர் கசியும் பாறை, பாசி, சில்வர் ஓக் மரங்களின் சருகு, டீ பேக்டரியிலிருந்து வரும் வறுத்த வாசனை எல்லாவற்றையும் இத்தனை வருடம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததுண்டு. அவை ஒவ்வொன்றும் இத்தனை நேரம் என் பக்கத்திலேயே நின்றதில்லை.

ஒரு வளைவில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். ரோட்டின் குறுக்கே ஒரு காட்டெருமை. பெரியது, தனி ஆண். டீச்சர் உதட்டில் விரல் வைத்தாள். அது எங்களை ஒரு முறை பார்த்துவிட்டு, நாங்கள் அதற்குப் பொருட்டே இல்லை என்பதுபோல மெதுவாகத் தேயிலைக்குள் இறங்கிப் போனது. போவதற்கு முன் ரோட்டில் சாணி வேறு போட்டுவிட்டுப் போனது. அதைச் சொல்லிச் சொல்லி டீச்சர் சிரித்தாள். சிஸ்டர் சிரிக்கவில்லை. அவள் ரோட்டின் மேல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டபெட்டில் டீயும் வர்க்கியும் சாப்பிட்டோம். சிஸ்டர் வர்க்கியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தாள்.

"பசிக்கலீங்களா?" என்றேன்.

"குளிருங்க்கா, ஒண்ணும் இறங்கல," என்றாள்.

அங்கிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். சிஸ்டர் சைக்கிளை ஓரமாக நிறுத்தி, ஒரு மைல் கல்லில் சாய்த்து வைத்தாள். பஞ்சரோ என்று நினைத்து நான் டயரைப் பார்த்தேன். டயரில் ஒன்றுமில்லை.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் இங்கியே இருக்கேன்," என்றாள்.

முன்னால் போயிருந்த டீச்சர் திரும்பி வந்தாள். "ஏன், முடியலீங்களா?"

"முடியாம இல்ல." சிஸ்டர் ஹெல்மெட் வாரைக் கழற்றினாள், மறுபடியும் மாட்டினாள். "இந்த வளைவு தாண்டினா எங்க ஊடு. ரோட்டு மேலயே மளிகைக் கடை. பின்னாடி ஊடு."

டீச்சர் வளைவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பஸ்ல போனா அந்தப் பக்கத்து சீட்டுல ஒக்காந்துக்குவேன். ஒரு நிமிசம்தான், ஊரு போயிரும். கண்ணை மூடிக்கிட்டாலும் போயிரும்." அவள் வளைவைக் காட்டினாள். "இது ஏத்தம். மிதிச்சாலும் மெதுவாத்தான் போகணும். தள்ளினா அதைவிட மெதுவு. ஊரே பாக்கும்."

டீச்சருக்கு உடனே ஒரு முடிவு வந்துவிட்டது. "அப்ப திரும்பிரலாங்க்கா. கோத்தகிரி எங்க ஓடியா போவுது?"

எனக்கும் திரும்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் திரும்பினால், அந்த வளைவுவரை வந்து திரும்பியது எப்போதும் அவளுக்கு ஞாபகம் இருக்குமே என்றும் தோன்றியது. அதைச் சொல்வதற்கு எனக்கு என்ன உரிமை? சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே எங்கோ ஒரு கோயிலில் பாட்டுப் போட்டிருந்தார்கள்.

சிஸ்டர் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். கொஞ்சம் முகத்தில் அடித்துக்கொண்டாள். அந்தக் குளிரில்.

"போலாம்," என்றாள். "ஆனா ஒண்ணு. எனக்கு முன்னாடி போகாதீங்க, பின்னாடியும் வராதீங்க. பக்கத்துல வாங்க."

ஏறாமல் தள்ளிக்கொண்டே போனோம். நடுவில் அவள், இரண்டு பக்கமும் நாங்கள். மூன்று சைக்கிள்கள் சேர்ந்து ரோட்டை முழுவதுமாக அடைத்துக்கொண்டன.

ஊர் என்றால் ரோட்டோரமாக ஒரு இருபது முப்பது வீடு, ஒரு ரேஷன் கடை, சின்னதாக ஒரு மாரியம்மன் கோயில். பெயர் வேண்டாம். வெயிலுக்காக வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். ஹெல்மெட்டும் ஸ்வெட்டருமாக மூன்று பெண்கள் சைக்கிள் தள்ளிக்கொண்டு வந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? யாரும் அவளை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி தெரியவில்லை.

மளிகைக் கடை வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். நல்ல முகம். எங்களைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள்.

"வாங்க, வாங்க. இப்படி மூச்சு வாங்குதே, ஒக்காந்துட்டுப் போங்க. எந்தூருங்க நீங்கெல்லாம்?"

டீச்சர் "குன்னூருங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சிஸ்டர் நின்றுவிட்டாள்.

"இந்த ஊருதானுங்க," என்றாள்.

அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றது. சிஸ்டர் ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவள் சிஸ்டரின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் யாருடைய ஜாடையைக் கண்டாளோ, கடைக்குள் திரும்பிப் போனாள்.

அவள்தான் சிஸ்டரின் அண்ணி என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது சிஸ்டர் வீட்டை விட்டுப் போன பிறகு. அன்றைக்குத்தான் இருவரும் ஒருவரை ஒருவர் முதல் முறையாகப் பார்த்தார்கள்.

உள்ளிருந்து அண்ணன் வந்தார். நரைத்த மீசை. கையெல்லாம் மாவு. ஏதோ பொட்டலம் கட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். வாசல்படியில் நின்று தங்கையைப் பார்த்தார். பிறகு சைக்கிளைப் பார்த்தார். வெகுநேரம் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலையில யாராவது சைக்கிள் ஓட்டுவாங்களா?" என்றார்.

"நாங்க ஓட்டறோமில்ல," என்றாள் சிஸ்டர்.

அப்போது பின்னால் ஹார்ன் அடித்தது. கோத்தகிரி பஸ். நாங்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. டிரைவர் மறுபடி அடித்தார். டீச்சர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் ஒதுங்கினோம். சிஸ்டர் அசையவில்லை. அவளுக்கு ஹார்ன் கேட்டதா என்றே தெரியவில்லை. அண்ணன் படியிலிருந்து இறங்கி வந்து, அவள் சைக்கிளின் ஹாண்டில்பாரைப் பிடித்துக் கடையோரமாக இழுத்தார். சைக்கிளோடு அவளும் வந்தாள். பஸ் எங்களை உரசுவதுபோலப் போனது.

பஸ் போன பிறகும் அவர் சைக்கிளை விடவில்லை.

"அம்மா இல்ல," என்றார். "மேட்டுப்பாளையத்துல சித்தி ஊட்டுல இருக்குது. கண்ணு ஆபரேசன் பண்ணியிருக்கு. நாளைக்குக் கூட்டிட்டு வரணும்."

"எந்தக் கண்ணு?"

"வலது."

"சுகர் பாத்துட்டுத்தானே பண்ணினாங்க?"

"பாத்தாங்க. கொஞ்சம் இருக்குதுன்னாங்க."

பிறகு அவள் பேசிக்கொண்டே போனாள். எந்தச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் விட வேண்டும், குனியவிடக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்புப் பக்கம் போகவிடக் கூடாது, ராத்திரி தூக்கத்தில் கண்ணைக் கசக்காமல் இருக்கக் கவசம் கட்ட வேண்டும். வார்டில் நோயாளியின் வீட்டாரிடம் பேசுகிற குரல். அந்தக் குரல் நடுங்கவே இல்லை. அண்ணன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் உள்ளே பார்த்து, "நீயும் வந்து கேளு. எனக்கு அத்தனையும் நெனப்பிருக்காது," என்று கூப்பிட்டார். அண்ணி வந்து கதவோரம் நின்று கேட்டாள்.

எல்லாம் சொல்லி முடிந்ததும் சிஸ்டரின் கண் கடைக்குள்ளே போனது. உள்சுவரில் மாலை போட்ட ஒரு படம் இருந்தது. வாசலில் தொங்கிய வாழைத்தார் அதைப் பாதி மறைத்திருந்தது. அது அவள் அப்பா. அவர் இறந்த செய்தி அவளுக்கு ஒரு வாரம் கழித்து, வார்டில் வந்து படுத்த இந்த ஊர் நோயாளி ஒருவர் வாய்வழியாகத் தெரிந்தது என்று பின்னால் சொன்னாள். அண்ணன் அவள் பார்ப்பதைப் பார்த்தார். ஒரு கை சைக்கிளில் இருக்க, இன்னொரு கையை நீட்டி வாழைத்தாரை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் பார்த்து முடிக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை. அண்ணி கண்ணாடி டம்ளர்களில் டீ கொண்டுவந்தாள். ரோட்டிலேயே நின்று குடித்தோம். டீச்சர் எதையாவது பேச வேண்டுமே என்று அண்ணியிடம் பள்ளிக்கூடம் எங்கே, பஸ் எத்தனை மணிக்கு என்றெல்லாம் கேட்டாள். டம்ளர்களைத் திருப்பிக் கொடுத்தோம். அண்ணன் ஹாண்டில்பாரை விட்டார்.

"சாயந்திரம் மேகம் எறங்கிரும். வெளிச்சத்துலயே திரும்பிருங்க," என்று பொதுவாக எங்கள் மூவரிடமும் சொன்னார்.

கோத்தகிரி வரை சிஸ்டர் எங்களை முந்திக்கொண்டு மிதித்தாள். டீச்சரால்கூட அவளைப் பிடிக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். காலையில் வர்க்கியைப் பிய்த்து வைத்தவள் இரண்டாம் முறை சாதம் வாங்கினாள். அழுவாள் என்று நான் கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தேன். அவள் ரசம் நன்றாக இருக்கிறது என்றாள்.

திரும்பும்போது அந்த ஊர் இறக்கத்தில் வந்தது. பிரேக்கைத் தொடாமல் விட்டிருந்தால் நொடியில் கடந்திருக்கலாம். அவள் பிரேக் பிடித்து, கடை முன்னால் காலை ஊன்றி நின்றாள். கடை பூட்டியிருந்தது. ஷட்டர் முழுவதும் இறக்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அடைப்பது வழக்கமா, இல்லை நாங்கள் இதே வழியாகத்தான் திரும்புவோம் என்று தெரிந்து அடைத்ததா, எங்களுக்குத் தெரியவில்லை. டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வேணும்னேதான் மூடியிருக்காங்க பாருங்க."

"இருக்கட்டும்," என்றாள் சிஸ்டர். "ஒரே நாள்ல எவ்வளவுதான் ஆகும்?"

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரி போனுக்கு அண்ணன் பேசினார். அம்மாவுக்குக் கண்ணில் உறுத்தல் இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டார். அவள் சொன்னாள். அடுத்த முறை அண்ணி பேசினாள். இப்படிக் கண்ணைச் சுற்றியே கொஞ்ச நாள் பேச்சு போயிற்று. இடையில் ஒரு முறை சிஸ்டர் பஸ்ஸில் போய்க் கடை வாசலில் இறங்கினாள். அம்மாவைக் கடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அன்றைக்கும் பின்னால் இருக்கும் வீட்டுக்குள் அவள் போகவில்லை. அவள் கணவர் இன்றுவரை அங்கே போனதில்லை. "நீ போயிட்டு வா. என்னைக் கூப்பிடாதே," என்பார். அதில் கோபம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. தன் இடம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அல்லது இத்தனை வருடத்துக்கப்புறம் அந்த இடம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. எது என்று நான் கேட்கவில்லை.

அம்மாவின் இன்னொரு கண்ணுக்கு ஆபரேஷனை சிஸ்டர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அம்மா மெதுவாக வாசலுக்கு வந்தார். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன். வாசல் ஓரத்தில் சிஸ்டரின் சைக்கிள் நின்றிருந்தது. அப்போதெல்லாம் அவள் டியூட்டிக்கு அதில்தான் வருவாள்.

"இதுலதான் வந்தியா அன்னிக்கு?" என்று அம்மா கேட்டார்.

"இதேதான்."

அம்மா சீட்டைத் தொட்டுப் பார்த்தார். விரலால் அளந்தார். "இத்தினியூண்டு சீட்டுல ஒக்காந்தா அத்தன மேடு ஏறி வந்தே?"

"ஒக்காந்து எங்கம்மா வந்தேன்? கடைசியில தள்ளிக்கிட்டுத்தான் வந்தேன்."

அம்மா கொஞ்ச நேரம் சீட்டின் மேலேயே கையை வைத்திருந்தார். "தள்ளிக்கிட்டு வரத் தெரிஞ்சவ, முன்னயே வந்திருக்கலாமில்ல அம்மிணி?"

"நீங்க ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாமில்ல?"

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். ஒருத்தி ஹாண்டில்பாரையும் இன்னொருத்தி சீட்டையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் ரோட்டைப் பார்த்தபடி, ஆட்டோ வந்துவிட்டது என்றார். ஆட்டோ அதற்கப்புறம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது.